கலவையா, வளைப்பா, மின்புலமா? அடுக்குக் குறைக்கடத்தியில் எந்தக் குமிழைத் திருப்புவது

போன மாதம் ஒருநாள், லேப் பூட்டப் போகும் நேரத்தில், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, கேப் நகர்ந்திருச்சு. நாப்பது மில்லி!"

கேப் என்றால் பட்டை இடைவெளி: குறைக்கடத்தியில் எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, வெளிவரும் ஒளியின் நிறம் அதைப் பொறுத்தது. திரையில் மாலிப்டினம் டைசல்பைடு ஒற்றை அடுக்கின் ஒளிர்வு நிறமாலை. 1.85 எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் நிற்க வேண்டிய முகடு 1.81-இல் நின்றது. கந்தகத்தோடு கொஞ்சம் செலினியம் சேர்த்து உலையில் வளர்த்த மாதிரி. கலவை பலித்துவிட்டது என்று அவனுக்கு ஒரே குஷி.

"செலினியம் உள்ளயே போகலைன்னா?" என்று கேட்டேன். முகம் விழுந்துவிட்டது.

40 மில்லி என்பது அப்படி ஒரு ஏமாற்றுத் தொகை. கந்தகத்தில் எட்டில் ஒரு பங்கைச் செலினியமாக மாற்றினால் வரும். மாதிரியை முக்கால் சதவீதம் இழுத்தாலும் வரும். அடித்தளத்திலிருந்து எலெக்ட்ரான்கள் ஏறிக்கொண்டால் முகடு கிட்டத்தட்ட அவ்வளவே சரியும். லேசரைக் கூட்டிவைத்து மாதிரியை நூறு டிகிரி சூடேற்றினாலும் சரியும். இத்தனை வழியில் பட்டை இடைவெளி நகர்கிறது என்பதுதான் அடுக்குப் பொருள்களின் பெருமை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புவதற்கும் அதுவே காரணம். தம்பி தன் மூன்று வருட வேலைத் திட்டத்தை எழுதியாக வேண்டும், அதில் ஒரு முறையைத்தான் முதன்மையாக வைக்க முடியும். அன்று அவனோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒளி உணர்விகள், எல்இடிகள் செய்ய அடுக்குக் குறைக்கடத்திகளைத் தொட நினைக்கும் எவருக்கும் இதே தேர்வு முன்னால் வந்து நிற்கும்.

அலகைச் சுருக்கிக்கொள்வோம்: எலெக்ட்ரான் வோல்ட் இனி இ.வோ., அதில் ஆயிரத்தில் ஒன்று மி.இ.வோ. மாலிப்டினம் டைசல்பைடை மாலிப்டினம் சல்பைடு என்றே சொல்கிறேன். வண்டி கிரீஸில் கலக்கும் கருப்புப் பொடியும் இதே பொருள்தான். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் அங்கே மசகு. அதே வழுக்கலால்தான் ஒட்டும் டேப்பை வைத்து ஒற்றை அடுக்கை உரித்தெடுக்க முடிகிறது.

முதலில் எந்த நிறம்?

முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்து, 1240-ஐ அதால் வகுத்தால் இ.வோ. கிடைக்கும். 670 நானோமீட்டர் சிவப்பு என்றால் 1.85 இ.வோ. கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பின் 1550 நானோமீட்டர் 0.8 இ.வோ. கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் 4.26 மைக்ரோமீட்டர் 0.29 இ.வோ.

இந்த வகுத்தல் கணக்குக்குள்ளேயே பாதி முடிவு ஒளிந்திருக்கிறது. ஏதோ ஒரு முறையால் இடைவெளியை 50 மி.இ.வோ. குறைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1.85-இல் இருந்து 1.80-க்கு வந்தால் அலைநீளம் 670-இலிருந்து 689 ஆகும், 19 நானோமீட்டர்தான் வித்தியாசம். சிவப்பு கொஞ்சம் அடர்சிவப்பாகும், அவ்வளவே. அதே 50 மி.இ.வோ.-வைக் கருப்பு பாஸ்பரஸ் என்ற இன்னொரு அடுக்குப் பொருளில் 0.33-இலிருந்து 0.28-க்குக் குறைத்தால் 3.76 மைக்ரோமீட்டர் 4.43 ஆகிறது. 670 நானோமீட்டர் தாவல்! மீத்தேன் உறிஞ்சும் 3.3-ஐயும் கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் 4.26-ஐயும் ஒரே உணர்வியால் தொடலாமே என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

என் கட்சி இதுதான். இடைவெளி அகலமான பொருளை வைத்துக்கொண்டு இழுப்பது, வளைப்பது, மின்புலம் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைக்குத்தான் ஆகும். அங்கே நிறத்தை மாற்ற வேண்டுமானால் கலவையை மாற்றுங்கள். குமிழைத் திருப்பித் திருப்பி நிறத்தை மாற்றும் சுகம் வேண்டுமா, இடைவெளி குறுகிய பொருளுக்குப் போங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, வருகிறேன்.

அடுக்கைக் குறைப்பது

இந்தத் துறை பிறந்ததே இதில்தான். 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டோனி ஹைன்ஸின் குழுவும், பெர்க்லியில் இன்னொரு குழுவும் மாலிப்டினம் சல்பைடை ஒற்றை அடுக்காக உரித்துப் பார்த்தன. கட்டியாக இருக்கும்போது 1.3 இ.வோ. பக்கம் மறைமுக இடைவெளி. அதாவது எலெக்ட்ரான் கீழே இறங்க, ஒளியோடு ஒரு ஃபோனானும் (படிக அதிர்வின் ஒரு துணுக்கு) சேர்ந்துவர வேண்டும், அதனால் ஒளிர்வு ஏறக்குறைய இல்லை. அடுக்கு குறையக் குறைய இடைவெளி ஏறுகிறது. இரண்டடுக்கில் 1.6. ஒற்றை அடுக்கில் அது நேர் இடைவெளியாகிவிடுகிறது, ஃபோனான் துணையில்லாமலே ஒளி வரும். கொலம்பியா குழு கண்ட ஒளிர்வுத் திறன் கட்டியைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

ஏன் என்று பார்த்தால் அழகான விஷயம். மறைமுக இடைவெளிக்குக் காரணமான எலெக்ட்ரான் நிலைகளில் கந்தகத்தின் பங்கு உண்டு. கந்தகம் அடுக்கின் வெளிப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே பக்கத்து அடுக்கோடு கைகோக்கிறது. பக்கத்து அடுக்கை எடுத்துவிட்டால் அந்த நிலைகள் விலகிப் போகின்றன. நேர் இடைவெளிக்கான நிலைகளோ நடுவில் இருக்கும் மாலிப்டினத்தில் அடைந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா காலி செய்துவிட்டாரா என்பதே அவற்றுக்குத் தெரியாது.

ஆனால் குமிழாகப் பார்த்தால் இது படிக்கட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்களில்தான் திரும்பும், ஒன்றரை அடுக்கு என்று ஒன்று கிடையாது. மாலிப்டினம் சல்பைடில் இரண்டாவது படியில் கால் வைத்ததுமே ஒளிர்வு அணைந்துவிடுகிறது. எல்இடி செய்ய வேண்டுமென்றால் ஒரே ஒரு படிதான் இருக்கிறது, அதைக் குமிழ் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ரீனியம் டைசல்பைடு இன்னும் விசேஷம். அதில் அடுக்குகளுக்கிடையே உறவே பலவீனம், எத்தனை அடுக்கு உரித்தாலும் இடைவெளி பெரிதாக அசையாது. அடுக்குப் பொருள் எல்லாமே தடிமனுக்கு ஆடும் என்று நினைத்து வருபவர்கள் இதைப் பார்த்ததும் திகைப்பார்கள்.

தடிமன் நிஜமான குமிழாவது கருப்பு பாஸ்பரஸில். கட்டியில் 0.3 இ.வோ., ஒற்றை அடுக்கில் 2 இ.வோ. பக்கம். நடுவில் எல்லாத் தடிமனிலும் நேர் இடைவெளிதான். பிரிட்ஜ்மன் 1914-இலேயே உயர் அழுத்தத்தில் செய்துகாட்டிய பொருள், நூறு வருடம் கழித்து 2014-இல்தான் மெல்லிய அடுக்காக மறுபிறவி எடுத்தது. ஒற்றை, இரட்டை அடுக்கு கருப்பு பாஸ்பரஸைக் காற்றில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், நுண்ணோக்கியில் அதன் மேல் பொட்டுப் பொட்டாக நீர்க்குமிழி போல எழும்பியிருப்பதைக் காணலாம். ஒளியும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து அரித்துவிடும். பத்து நானோமீட்டர் தடிமன் என்றால் அரிப்பை ஓரளவு தாங்கும், ஆனால் அங்கே இடைவெளி கட்டியின் 0.3-க்கே திரும்பிவிடுகிறது. தடிமனால் கிடைக்கும் லாபத்தை உறையிடும் செலவு தின்றுவிடுகிறது என்பது என் அனுபவம்.

கலப்பது

இந்த வழிக்குக் கவர்ச்சி இல்லை. மாநாட்டில் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் குறைக்கடத்தித் தொழில் நிறத்தை மாற்றியதெல்லாம் இப்படித்தான். அகச்சிவப்பு கேமராக்களில் இருக்கும் பாதரசம்-காட்மியம்-டெல்லூரைடு 1959-இல் இங்கிலாந்தின் மால்வர்னில் வந்தது; காட்மியம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் இடைவெளி. நீல எல்இடி, கேலியம் நைட்ரைடில் இண்டியம் கலந்தது. இழைத் தொலைத்தொடர்பின் உணர்வி இண்டியம்-கேலியம்-ஆர்சனைடு.

அந்தப் பழைய கலவைகளுக்கு ஒரு சாபம் உண்டு. அடியில் இருக்கும் படிகத்தின் அணு இடைவெளியோடு மேலே வளர்ப்பது ஒத்துப்போக வேண்டும். இண்டியம் பாஸ்பைடு மேல் வளர்க்கிறோமா, இண்டியம் 53 சதவீதம் என்று கட்டிப்போட்டுவிடும். தாண்டினால் படிகத்தில் பிளவுக்கோடுகள். அடுக்குப் பொருளுக்கு இந்தச் சாபம் இல்லை. அடித்தளத்தோடு வேதிப்பிணைப்பு கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்கிறது, எந்த விகிதத்திலும் கலக்கலாம். கலவை வழி இங்கேதான் பழைய பொருள்களைவிட அதிகம் பலன் தர வேண்டும். விந்தை என்னவென்றால் மற்ற வழிகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம்.

எதை மாற்றுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உலோகத்தை மாற்றலாம், மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன். அல்லது கந்தகத்தை மாற்றலாம், செலினியமாக. முதலாவதில், ஓர் அளவீட்டின்படி, ஒற்றை அடுக்கின் ஒளிர்வு 1.82-இலிருந்து 1.99 வரை ஏறுகிறது. பாதிக்குப் பாதி கலந்தால் நடுவில் 1.905 வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. 1.84 பக்கம்தான் நிற்கும். கோடு நேராகப் போகாமல் கீழே தொய்கிறது, துணி காயப்போட்ட கொடி மாதிரி. அதாவது பாதி டங்ஸ்டனைப் போட்டும் மாலிப்டினம் சல்பைடின் நிறத்தை விட்டுப் பெரிதாக நகரவில்லை, கடைசிப் பாதியில்தான் எல்லா ஏற்றமும். விகிதத்தில் சிறு பிழை வந்தாலும் அந்தக் கடைசிப் பகுதியில் நிறம் எகிறும்.

கந்தகம்-செலினியம் பக்கம் நிலைமை வேறு. 1.85-இலிருந்து 1.55 வரை, அதாவது 670-இலிருந்து 800 நானோமீட்டர் வரை, ஏறக்குறைய நேர்கோடு. பத்து சதவீதம் செலினியம் என்றால் 30 மி.இ.வோ. மனக்கணக்காகவே போடலாம். இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. செய்து முடித்தபின் மாற்ற முடியாது, சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி. செலினியம் கந்தகத்தைவிடச் சோம்பேறி. ஹைட்ரஜன் சேர்த்துத் துரத்தாவிட்டால் மாலிப்டினத்தோடு சேராது. ஹைட்ரஜன் சேர்ந்தால் உருவாகும் ஹைட்ரஜன் செலினைடு கடும் விஷம். காற்றோட்டப் பெட்டி சரியில்லாத லேபில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். பொடியை வைத்துச் சூடேற்றும் குழாய் உலையில் அடித்தளத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விகிதம் மாறும். வாயுவாக ஊட்டும் முறையில் சீராக வரும். 2015-இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் ஜிவூங் பார்க்கின் குழு நான்கு அங்குலத் தகடு முழுக்க ஒற்றை அடுக்கு சல்பைடுகளை வளர்த்துக் காட்டியது. ஒரு தகடு வளர 26 மணி நேரம் ஆனது. கலவை கலக்காத படலத்துக்கே அவ்வளவு பொறுமை.

வளைப்பதும் இழுப்பதும்

இந்த அடுக்குகள் வன்மையானவை. மாலிப்டினம் சல்பைடு ஒற்றை அடுக்கு உடைய 6 முதல் 11 சதவீதம் வரை இழுக்க வேண்டும். ஆக, இழுத்து நிறத்தை மாற்றலாமே என்ற யோசனை இயல்பாகவே வரும். செய்முறை எளிது: வளையும் பிளாஸ்டிக் துண்டின் மேல் செதிலை (உரித்தெடுத்த மெல்லிய அடுக்கை) வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தால் மேற்பரப்பு நீளும். 2013-இல் வந்த அளவீடுகளில் ஒரு திசையில் 1 சதவீதம் இழுத்தால் 45 முதல் 70 மி.இ.வோ. வரை இறங்கியது. எல்லாத் திசையிலும் சேர்த்து இழுத்தால், பலூன் மாதிரி ஊதவைத்தால், சதவீதத்துக்கு நூறு பக்கம்.

காகிதத்தில் இது அபாரம். கையில் எடுத்தால் மூன்று தொல்லைகள்.

ஒன்று, பிளாஸ்டிக்கை 2 சதவீதம் இழுத்தால் செதிலும் 2 சதவீதம் இழுபடும் என்று நிச்சயமில்லை. வழுக்குகிறது. கிரீஸுக்குப் போடும் பொருளாயிற்றே! ஓரங்களை உலோகப் பட்டையால் கவ்விப் பிடிக்க வேண்டும், அல்லது பாலிவினைல் ஆல்கஹால் பூசி மூட வேண்டும். எங்கள் லேபில் நான் வளைக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் நிறமாலை முதல் வளைப்பில் நகர்ந்தது, இரண்டாவதில் பாதி நகர்ந்தது, மூன்றாவதில் அசையவே இல்லை. பொருள் களைத்துவிட்டது என்று எழுதி வைத்தேன். செதில் தளர்ந்து மடிந்து கிடந்தது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு, மாலிப்டினம் சல்பைடில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி நேர் இடைவெளி மறுபடி மறைமுகமாகிவிடுகிறது. இழுக்க இழுக்க நிறமும் மாறுகிறது, வெளிச்சமும் மங்குகிறது. எல்இடிக்கு இது ஆகாது.

மூன்று, நாம் கேட்காமலே இழுப்பு வந்துவிடும். எழுநூறு எண்ணூறு டிகிரியில் சிலிக்கா மேல் வளர்ந்த படலம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் சிலிக்கா அவ்வளவு சுருங்காது. அறை வெப்பநிலைக்கு வரும்போது படலம் இழுபட்ட நிலையிலேயே உறைந்திருக்கும். தம்பி கதைக்கு இது தேவைப்படும்.

கருப்பு பாஸ்பரஸுக்கு வந்தால் படம் தலைகீழ். அதன் அடுக்கு தட்டையானது இல்லை, மடிப்பு மடிப்பாக விசிறி மாதிரி இருக்கும். இழுத்தால் மடிப்பு விரிகிறது, இடைவெளி குறையாமல் கூடுகிறது. 2021-இல் பெர்க்லியில் அலி ஜாவேயின் குழு இதை வளையும் தளத்தில் வைத்து இடைவெளியை 0.22-இலிருந்து 0.53 இ.வோ. வரை கொண்டுபோனது. அலைநீளத்தில் 5.5 மைக்ரோமீட்டரிலிருந்து 2.3 வரை. அதே அமைப்பை எல்இடியாகவும் உணர்வியாகவும் ஓட்டி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி ஆகியவற்றைப் பிரித்தறிந்தார்கள். முன்னால் போட்ட வகுத்தல் கணக்கு இங்கே பலிக்கிறது. இந்த ஒரு வேலையைப் பார்த்தபின் நடு அகச்சிவப்பில் இழுப்பைக் கேலி பேசுவதை விட்டுவிட்டேன்.

மின்புலம்

மேலே ஒரு கேட் (மின்னழுத்தம் கொடுக்கும் மின்முனை), கீழே ஒரு கேட், நடுவில் பொருள். செங்குத்தாக மின்புலம் கொடுத்தால் பொருளின் மேல்பக்க எலெக்ட்ரான் நிலைகளும் கீழ்ப்பக்க நிலைகளும் எதிரெதிராக நகர்ந்து இடைவெளி சுருங்கும். அசையும் பாகம் இல்லை, வேகமாக மாற்றலாம், சிப்புக்குள் அடங்கும். வளைப்பதோடு ஒப்பிட்டால் பொறியாளர் மனசு இதற்குத்தான் இழுக்கும்.

ஒற்றை அடுக்கில் இது எடுபடாது. மேல், கீழ் என்று பிரிக்க அங்கே தடிமன் ஏது? ஓரளவு தடித்த கருப்பு பாஸ்பரஸில் பிரமாதமாக எடுபடும். 2017-இல் பத்து நானோமீட்டர் செதிலின் இடைவெளியை 300-இலிருந்து 50 மி.இ.வோ.-வுக்கும் கீழே இறக்கினார்கள். அதே ஆண்டு இன்னொரு வேலையில் ஐந்து நானோமீட்டர் செதிலை வைத்து, 3.7 மைக்ரோமீட்டரில் நின்றுபோன உணர்வியை 7.7-க்கு அப்பாலும் பார்க்க வைத்தார்கள். ஆனால் தேவையான புலம் நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில். மின்காப்புப் படலம் எங்காவது ஓட்டையாக இருந்தால் அவ்வளவுதான், சாதனம் பொசுங்கும். தவிர, இடைவெளி அவ்வளவு சுருங்கினால் அறை வெப்பமே எலெக்ட்ரான்களை மேலே ஏற்றிவிடும். ஒளியே இல்லாதபோதும் ஓடும் இருட்டு மின்னோட்டம் பெருகும், குளிர்விக்காமல் ஓட்ட முடியாது.

கேட் போட்டாலே இடைவெளி நகர்ந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மெல்லிய அடுக்குகளில் எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) எக்ஸிடான் என்ற ஜோடியாக இறுகப் பிணைந்திருக்கும். டங்ஸ்டன் டைசல்பைடில் பிணைப்பு 320 மி.இ.வோ., கேலியம் ஆர்சனைடில் நாலைந்துதான். கூடுதல் எலெக்ட்ரான் இருந்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு டிரையான் ஆகிவிடும். அதன் முகடு எக்ஸிடானுக்குக் கீழே இருபது முப்பது மி.இ.வோ. தள்ளி நிற்கும். பட்டை இடைவெளியை யாரும் தொடவே இல்லை, ஒளி மட்டும் வேறு கணக்கில் வருகிறது.

மீதி வழிகள்

இரண்டு வேறு பொருள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது உண்மையிலேயே வலிமையான வழி. எலெக்ட்ரான் ஒரு அடுக்கில், துளை அடுத்த அடுக்கில் என்று பிரிந்து நின்று, இரண்டுக்கும் நடுவே ஒரு புது இடைவெளி கிடைக்கிறது. மாலிப்டினம் டைசெலினைடும் டங்ஸ்டன் டைசெலினைடும் சேர்ந்தால் 1.4 இ.வோ. பக்கம்; தனித்தனியாக இரண்டிலும் அது இல்லை. அந்த இடையடுக்கு எக்ஸிடானுக்கு நிலையான இருமுனை இருப்பதால் மின்புலத்துக்கும் நன்றாக ஆடும், நூறு மி.இ.வோ.-வுக்கும் மேல். கையால் அடுக்கிச் செய்வதுதான் இதன் பலவீனம். ஒளியை உறிஞ்சுவதும் மந்தம்.

அடுக்குகளைக் கோணம் திருப்பி வைத்து மோயர் வடிவம் (இரண்டு வலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தெரியும் பெரிய கோலம்) உண்டாக்குவது இப்போதைக்கு இயற்பியல் விருந்து. நான் அதைச் சாதனத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சுற்றியிருக்கும் மின்காப்புப் பொருளை மாற்றினால் பட்டை இடைவெளி நூறு மி.இ.வோ. கணக்கில் நகர்கிறது, ஆனால் எக்ஸிடான் பிணைப்பும் கூடவே குறைவதால் வெளியே வரும் ஒளி பத்து இருபது மி.இ.வோ.-தான் அசைகிறது. ஒரு கை கொடுப்பதை மறுகை வாங்கிக்கொள்கிறது. அதற்காகப் போரான் நைட்ரைடு என்ற மின்காப்புப் பொருளால் உறையிட வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஜப்பானின் தானிகுச்சி, வதனாபே இருவரும் வளர்க்கும் படிகங்களில்தான் உலகத்து லேப்கள் பலவும் தங்கள் செதில்களை உறையிடுகின்றன. முகடு கூர்மையாகும், மாதிரி நீண்டநாள் நிலைக்கும்.

நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் இடைவெளியைத் தொடாமல் வேதியியலைத் தொடுங்கள். உரித்த மாலிப்டினம் சல்பைடு நேர் இடைவெளிக்காரன்தான், ஆனால் நூறு எக்ஸிடானில் ஒன்றுகூட ஒளியாகாது. 2015-இல் ஜாவே குழு ஒரு மீஅமிலத்தில் (மிகமிக வலிய அமிலம்) நனைத்து அதை 95 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. பிறகு 2019-இல், அமிலமே வேண்டாம், கேட் வைத்துக் கூடுதல் எலெக்ட்ரான்களை வெளியேற்றினாலே போதும் என்றும் காட்டியது. நிறத்துக்கு எடுபடாத கேட் வெளிச்சத்துக்கு அருமையாக எடுபடுகிறது.

எதற்கு எது

650 முதல் 800 நானோமீட்டர், நிறம் நிலையாக இருந்தால் போதும்: கந்தகம்-செலினியம் கலவை, போரான் நைட்ரைடு உறை, வெளிச்சத்துக்கு ஒரு கேட். வேறு எதையும் நான் யோசிக்கவே மாட்டேன்.

இழைத் தொலைத்தொடர்பு என்றால் பதில் கொஞ்சம் சங்கடமானது. ஒற்றை அடுக்கில் மிகக் குறுகிய இடைவெளிக்காரர்களில் ஒன்றான மாலிப்டினம் டைடெல்லூரைடே 1.1 இ.வோ.-வில் நின்றுவிடுகிறது. 2017-இல் இதன் இரட்டை அடுக்கைச் சிலிக்கான் அலைவழியின் (ஒளியைக் கொண்டுசெல்லும் பாதையின்) மேல் வைத்து எல்இடியும் உணர்வியும் செய்தார்கள், அது 1160 நானோமீட்டர் பக்கம். 1550-க்குப் போக 2020-இல் ஒரு குழு பல அடுக்கு டெல்லூரைடை அலைவழியின் முகட்டின் மேல் போர்த்தி, வளைவின் இழுப்பால் இடைவெளியை இறக்கி, ஒரு வாட் ஒளிக்கு அரை ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தது. நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்: இழுப்பைக் குமிழாக வைக்காமல், செய்யும்போதே ஒருமுறை கொடுத்து உறையவைப்பது. ஆனால் ஜெர்மானியமும் இண்டியம்-கேலியம்-ஆர்சனைடும் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் பந்தி இது. அணு ஒத்துப்போக வேண்டாம், சிலிக்கான் மேல் அப்படியே வைக்கலாம் என்ற ஒரு சலுகைக்காக மட்டும் இங்கே வாருங்கள்.

3 முதல் 5 மைக்ரோமீட்டர், வாயு உணர்வி: கருப்பு பாஸ்பரஸ். பல வாயுக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் வளைப்பு. வினாடிக்குள் மாற்ற வேண்டும், குளிர்விக்கும் வசதியும் இருக்கிறது என்றால் மின்புலம். ஒரே ஒரு வாயுதான் என்றால் இரண்டும் வேண்டாம், ஆர்சனிக் கலந்தாலே இடைவெளி 0.15 இ.வோ. வரை இறங்கும், மறுபடி கலவைதான். உணர்வியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2013-இல் ஒற்றை அடுக்கு மாலிப்டினம் சல்பைடு உணர்வி வாட்டுக்கு 880 ஆம்பியர் காட்டியது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒளியை அணைத்தபின் அது அடங்க ஒன்பது வினாடி பிடித்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

தம்பியின் 40 மில்லிக்கு வருவோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே. சூட்டின் குழு 2012-இல் கண்டது இப்போதும் எங்களுக்கு அன்றாடக் கருவி. மாலிப்டினம் சல்பைடின் இரண்டு ராமன் முகடுகளில் (சிதறும் லேசர் ஒளியில் தெரியும் அணு அதிர்வுகளின் முகடுகள்; எண்கள் செ.மீ.⁻¹ அலகில்), செங்குத்தாக அதிரும் 404 பக்கத்து முகடு கூடுதல் எலெக்ட்ரானுக்குக் கீழே சரிந்து அகலும், தளத்துக்குள் அதிரும் 385 பக்கத்து முகடு அதைக் கண்டுகொள்ளாது. இழுப்புக்கோ இரண்டாவதுதான் முதலில் சரியும். செலினியம் உள்ளே நுழைந்திருந்தால் 270 பக்கத்தில் புதிதாக ஒரு முகடு தலைகாட்ட வேண்டும்.

மறுநாள் காலை லேசரைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து எடுக்கச் சொன்னேன். ஒளிர்வு அதே இடம், அப்போது சூடு இல்லை. 404 அசையவில்லை, அகலவும் இல்லை. 385 இரண்டு எண் இடப்பக்கம் சரிந்திருந்தது. 270-இல் வெறும் இரைச்சல். படலத்தை உரித்து வேறொரு தகட்டின் மேல் மாற்றி வைத்தான், முகடு 1.85-க்குத் திரும்பிவிட்டது.

உலையைத் திறந்து குழாயை வெளியே இழுத்தோம். வாயு வெளியேறும் பக்கம், குளிர்ந்த கண்ணாடிச் சுவரில், அவன் நிறுத்துப் போட்ட செலினியம் முழுவதும் செங்கல் நிறத்தில் படிந்திருந்தது. "ஹைட்ரஜன் விட்டியா?" என்றேன். "வெறும் ஆர்கான்தான் அக்கா" என்றான்.